பிரடையில் மூன்று கோடு

அவளை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது இந்த ஜன்னல் வழியாகத்தான், தம்பி. இப்போது நீங்கள் டூல்ஸ் பையை வைத்திருக்கிறீர்களே, அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தாள். தரையில் உட்கார்ந்து, வலது தோளை இந்த ஃபிரிட்ஜில் சாய்த்துக்கொண்டு, சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். முகம் தெரியவில்லை. முதுகும் கொண்டையும்தான். நான் வெளியே துவைக்கிற கல்லில் இருந்தேன். மணி பதினொன்று இருக்கும். ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தேன். பிறகு வேலையில் குனிந்துவிட்டேன். அவ்வளவுதான் பார்த்தது.

இருங்கள், அதற்குள் கழற்றாதீர்கள். கம்ப்ரஸர் போய்விட்டது என்கிறீர்கள். புதுசு போட்டால் ஓடுகிற சத்தமே கேட்காது என்கிறீர்கள். அங்கேதான் எனக்குச் சிக்கல். எனக்குக் குளிர வேண்டாம். திறந்து பார்த்தீர்களே, உள்ளே என்ன இருக்கிறது? ஒரு தண்ணீர் பாட்டிலும் அரை எலுமிச்சம்பழமும். எனக்கு அந்தப் பழைய சத்தம் வேண்டும். இது பழையபடி ஒரே ஒரு நிமிஷம் முனகினால் போதும். அதன்பிறகு நீங்கள் இதைக் காயலான் கடைக்குத் தூக்கிப் போனாலும் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.

சிரிப்பு வருகிறதா? வரட்டும். நானும் ஒரு மெக்கானிக்தான். என்னிடம் ஒருத்தன் வந்து, ரிப்பேர் பண்ண வேண்டாம், சத்தம் மட்டும் வரட்டும் என்றால் நானும் சிரித்திருப்பேன். ராஜபாளையம் பக்கம் ஒரு நூல் மில்லில் முப்பத்தோரு வருஷம் ஃபிட்டர். உச்சிமாகாளி என்றால் எந்த ஷிஃப்டிலும் தெரியும். முப்பத்தோரு வருஷமும் ஸ்பிண்டில் சத்தத்துக்கு நடுவில். வெளியே வந்தபோது காது பாதிதான் வந்தது. முழுச் செவிடு இல்லை. நீங்கள் பேசுவது கேட்கிறது. ஆனால் மேல் சத்தம் போய்விட்டது என்று காது டாக்டர் சொன்னார். சில வார்த்தைக்கு முதல் எழுத்து கேட்காது. ஒரு நாள் ஆவுடை, அதுதான் என் வீட்டுக்காரி, ஆவுடையம்மாள், "கடைக்கு, கடைக்கு" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டாள். நான் மூன்று உழக்கு அரிசியும் பருப்பும் ஊறப் போட்டுவிட்டேன். அடைக்கு. வந்து பார்த்தவள் தலையில் கையை வைத்துக்கொண்டாள். "கடைக்குப் போங்கன்னு சொன்னா அடைக்கு ஊறப் போட்ட ஒரே ஆம்பள நீங்கதான்" என்றாள். மூன்று நாள் அடை தின்றோம். தெரு முழுக்கக் கொடுத்தாள். கொடுத்த வீட்டிலெல்லாம் கதையையும் சொல்லிக் கொடுத்தாள்.

விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் பின்பக்கத் தகட்டைக் கழற்றும்போது விசில் அடித்தீர்கள். அம்மன் கோயில் ஸ்பீக்கரில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, நீங்கள் அதோடு சேர்ந்து அடித்தீர்கள். எனக்குச் சேர்கிறதா சேரவில்லையா என்று தெரியாது. ஆனால் எதிர்வீட்டுப் பிள்ளை வாசலில் நின்று தலையை ஆட்டினாள். அதை வைத்துச் சொல்கிறேன், உங்களுக்குக் காது இருக்கிறது. அதனால்தான் இதையெல்லாம் உங்களிடம் சொல்கிறேன். போன வாரம் வந்து வால்வு மாற்றின கேஸ்காரரிடம் சொன்னேனா?

ரிட்டையர் ஆன பிறகு வீட்டில் நிசப்தம் தாங்கவில்லை. ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து, பழைய கதவுச் சட்டத்தை அறுத்துக் கழுத்தாக வைத்து, சைக்கிள் பிரேக் கேபிளைப் பிரித்து அந்த இழையைக் கம்பியாகக் கட்டினேன். யாரிடமும் படிக்கவில்லை. படிக்கப் போனால், காது கேட்காதவனுக்கு எதற்கு வீணை என்பார்கள். கம்பியைத் தாங்குகிற கட்டைக்குக் குதிரை என்று பெயர். அதற்குக் கொம்பு வேண்டும். ஆவுடையின் கொம்புச் சீப்பை அறுத்துவிட்டேன். அவள் பல் போன சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "குதிரை செஞ்சாச்சு. இனி ஊர்கோலம் எப்போ?" என்றாள். மீட்டிக் காட்டினேன். "இது வீணையா, காதுக்குள்ள போன கொசுவா?" என்றாள். ஆனால் போகவில்லை. நின்று கேட்டாள். கேட்டுவிட்டு, "ரொம்ப இறுக்கமா இருக்கு, கொஞ்சம் தளர்த்துங்க" என்றாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. நான் செய்வேன், அவள் கேட்பாள். அவளும் சங்கீதம் படித்தவள் இல்லை. சரிகம தெரியாது. எங்களுக்கு மூன்று வார்த்தைதான். கம்பி கூடப் போய்விட்டால் "இறுக்கமா இருக்கு". குறைந்துவிட்டால் "தொளதொளன்னு இருக்கு". சரியாக வந்துவிட்டால் "உக்காந்துடுச்சு". இந்த மூன்று வார்த்தையை வைத்துப் பதின்மூன்று வீணைப் பெட்டி செய்தோம். பஜனை மடத்தில் இரண்டு இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் மூன்று. வாங்கிப் போனவர்களில் ஒருத்தர்கூடச் சுதி சரியில்லை என்று சொன்னதில்லை. அவள் இந்த அடுப்படியை விட்டு வெளியே வர மாட்டாள். நான் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து மீட்டுவேன், அவள் இங்கே வேலை பார்த்துக்கொண்டே குரல் கொடுப்பாள்.

ஒரு நாள் மீட்டினேன், பதிலே இல்லை. "ஏ ஆவுடை, எப்படி இருக்கு?" என்றேன். "கரண்ட் வரட்டும்" என்றாள். கரண்டுக்கும் கம்பிக்கும் என்ன? கேட்டால் சிரிக்கிறாள். "ஃபிரிட்ஜ் பாடுனாத்தான நான் சொல்ல முடியும்?" என்கிறாள். அப்போதுதான் தெரிந்தது தம்பி. இத்தனை நாளும் அவள் இந்த ஃபிரிட்ஜின் முனகலோடு சேர்த்துப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறாள். அதற்காகத்தான் தோளைச் சாய்த்து உட்காருவாள். பதின்மூன்று பெட்டியும் ஒரே சுதி. இந்த ஃபிரிட்ஜின் சுதி.

இப்போது புரிகிறதா, ஏன் புதுக் கம்ப்ரஸர் வேண்டாம் என்கிறேன் என்று?

பெரிய கெபாசிட்டரா? அதை வைத்துக் கம்ப்ரஸரை ஒரு உதறு உதறி எழுப்பினால் ஓடுமா? ஒருவேளை ஓடலாம், ஓடினால் அதுதான் கடைசி என்கிறீர்கள். சரி. அந்த ஒரு தடவை போதும். வையுங்கள். ஆனால் நான் சொல்லும்வரை சுவிட்சைப் போடாதீர்கள். முழுக்கச் சொல்லிவிடுகிறேன். தெரியாமல் கேட்டால் நீங்கள் என்னத்தைக் கேட்பீர்கள்?

இதுதான் பதினாலாவது. கையில் வாங்கிப் பாருங்கள், கனம் இல்லை. இது அவளுக்கு. ஒவ்வொன்றாக ஊருக்கே கொடுத்துக்கொண்டிருந்தபோது, "எனக்குன்னு ஒண்ணு செய்யக் கூடாதா? மடியில வச்சுக்கிட்டா அடங்கணும், அவ்வளவு போதும்" என்று கேட்டாள். கேட்டு ஒன்றரை வருஷம். யாராவது ஒருத்தர் வந்து கேட்டுக்கொண்டே இருந்தார்கள், இவளுடையது தள்ளிக்கொண்டே போயிற்று. அவளும் மறுபடி கேட்கவில்லை. கேட்கிற ஆளும் இல்லை.

கடைசியில் செய்தபோது ஒரு குறையும் வைக்கவில்லை. இந்தப் பிரடையைப் பாருங்கள், கம்பியை முறுக்குகிற இந்த முளை. மில்லில் கழித்த, நூல் சுற்றுகிற மர பாபினைச் சீவிச் செய்தது. எத்தனையோ வருஷம் எண்ணெய் குடித்த மரம். மழையும் வெயிலும் இதை ஒன்றும் பண்ணாது. நூல் அளவு அசையாது. கம்பியும் புதுசு இல்லை. புதுக் கம்பி முதல் ஒரு வாரம் இழுபட்டுக்கொண்டே இருக்கும், சுதி இறங்கிக்கொண்டே போகும், அது அவளுக்குப் பிடிக்காது. அதனால் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்த என் ஆறாவது பெட்டியில் மூன்று வருஷம் கிடந்த கம்பியைக் கழற்றி வந்து இதில் கட்டி, அதன்பிறகும் மூன்று வாரம் சும்மா தொங்கவிட்டேன். இழுபட வேண்டியதெல்லாம் இழுபட்டு முடிந்துவிட்டது. இனி இது அறுந்தால் அறுமே தவிர இறங்காது. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

அன்றைக்குக் கடைசிச் சரிபார்ப்பு. ஐப்பசி மாசம், மழை விட்டிருந்தது. அவள் இங்கே வெங்காயம், நான் அங்கே கல்லில். ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது, அடியில் கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வெளியே போனேன். மீட்டினேன். உள்ளேயிருந்து குரல் வந்தது. "இறுக்கமா இருக்கு" என்றாள்.

ஃபிட்டர் பழக்கம் ஒன்று உண்டு, உங்களுக்கும் இருக்கும். எந்த நட்டைத் தளர்த்தினாலும் முதலில் ஒரு கோடு போட்டுக்கொள்வோம், திரும்ப அதே இடத்துக்கு வருவதற்கு. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக் கழுத்தில் ஒரு கோடும் அதற்கு நேரே பிரடையில் ஒரு கோடும் போட்டேன். இதுதான் முதல் கோடு. தளர்த்தினேன். மீட்டினேன். மறுபடி, "இறுக்கமாத்தான் இருக்கு, என்னமோ மாதிரி இருக்கு" என்றாள். இரண்டாவது கோடு. இன்னும் கொஞ்சம் தளர்த்தினேன். மீட்டினேன்.

ஒன்றும் சொல்லவில்லை.

நான் மூன்றாவது கோட்டைப் போட்டேன். "உக்காந்துடுச்சு, என்ன?" என்று நானே கேட்டேன். சத்தம் இல்லை. அவள் சரி என்று சொல்வது சில நாள் அப்படியும் இருக்கும், சத்தம் இல்லாமல். எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஒன்றரை வருஷக் கடன் தீர்ந்த மாதிரி. உடனே கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. குதிரையின் ஓரம் கையில் குத்துகிறது, அவள் மடியில் வைக்கும்போது குத்தக் கூடாது என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். அரை மணி நேரம். கூடவும் இருக்கலாம். பிறகு, "ஏ ஆவுடை, காப்பி போடுறியா?" என்றேன்.

உள்ளே வந்து பார்த்தபோது பதினொரு வெங்காயம் உரித்திருந்தாள். பன்னிரண்டாவது பாதி.

நெஞ்சடைப்பு என்றார்கள். ஆஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டர், பொறுமையாகத்தான் பேசினார். "முன்னாடி ஏதாவது சொன்னாங்களா ஐயா? தலை சுத்துது, படபடப்பா இருக்கு, அப்படி?" என்று கேட்டார். "இல்லை சார், ஒண்ணும் சொல்லலை" என்றேன். சொல்லவில்லைதானே? கம்பியைப் பற்றித்தானே சொன்னாள்? அதைப் போய் டாக்டரிடம் சொல்வார்களா?

ஆனால் மற்ற எல்லாரிடமும் சொன்னேன். துக்கத்துக்கு வந்த ஒவ்வொருத்தரிடமும் சொன்னேன். கடைசி மூச்சு வரைக்கும் எனக்குச் சுதி பார்த்துச் சொன்னாள், இறுக்கமா இருக்கு என்று சொன்னாள், நான் தளர்த்தினதும் திருப்தியாகப் போய்விட்டாள் என்று. பஜனை மடத்து ஆட்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "குடுத்து வச்ச மனுஷன்" என்று ஒருத்தர் என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? சொல்லச் சொல்ல இன்னும் அழகாகச் சொல்ல வந்தது.

பதினாறாம் நாள் விசேஷத்துக்கு அவள் தங்கச்சி வந்தாள், சங்கரவடிவு. இலை போடும்போது அவளிடமும் சொன்னேன். அவள் கையில் தண்ணீர்ச் செம்போடு நின்று கேட்டாள். கேட்டுவிட்டு, குத்திக் காட்டுகிற மாதிரி எல்லாம் இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். "அக்கா ரெண்டு நாளாவே போன்ல சொல்லிட்டிருந்தாளே அத்தான், தலை சுத்துது, கிறக்கமா இருக்கு, கிறக்கமா இருக்குன்னு. உங்ககிட்ட சொல்லலையா?"

கிறக்கமா இருக்கு.

நீங்களே சொல்லிப் பாருங்கள். இறுக்கமா இருக்கு. கிறக்கமா இருக்கு. ஜன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து, ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தத்தில், என் காதுக்கு.

அவள் சொன்னது இறுக்கம்தான். எனக்குத் தெரியும். கம்பியை மீட்டினேன், கம்பியைப் பற்றிச் சொன்னாள். மீட்டின உடனேதானே சொன்னாள்? கிறக்கம் என்றால் என்னைக் கூப்பிட்டிருக்க மாட்டாளா? "இங்க வாங்க" என்றிருக்க மாட்டாளா? முப்பத்தாறு வருஷத்தில் அவள் என்னை இங்க வாங்க என்று கூப்பிட்டதில்லை, அது வேறு விஷயம். எது வேண்டுமென்றாலும் வேலையைப் பார்த்துக்கொண்டே சுவரிடம் சொல்கிற மாதிரிதான் சொல்வாள். நமக்குக் கேட்டால் உண்டு.

இதற்கு ஒரே ஒரு சாட்சிதான் இருக்கிறது தம்பி. இந்தக் கம்பி. முதல் கோட்டில் வைத்து மீட்டும்போது ஃபிரிட்ஜ் சத்தத்தைவிடக் கம்பி கூடப் போயிருந்தால், அவள் சொன்னது இறுக்கம். நான் கேட்டதும் சரி, தளர்த்தினதும் சரி. முதல் கோட்டிலேயே கம்பி சரியாக உட்கார்ந்திருந்தால், சரியாக இருக்கிற கம்பியைப் போய் அவள் ஏன் இறுக்கம் என்பாள்? அவள் காது தப்பாது.

எட்டு மாசமாகிறது. ஏன் இவ்வளவு நாள் பார்க்கவில்லை என்று கேட்பீர்கள். நேரம் கிடைக்கவில்லை. வீட்டில் ஒற்றை ஆள், சமையல், தண்ணீர் பிடிக்கிறது, வரி கட்டுகிறது. பஜனை மடத்தில் பாடுகிறவர் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார். கூப்பிட்டால் வருவார். கூப்பிட நேரம் வரவில்லை. போன வாரம்தான் பிரடையை மூன்றாவது கோட்டிலிருந்து திருப்பி முதல் கோட்டில் நிறுத்தினேன். கோட்டுக்கு நேர் கோடு, லென்ஸ் வைத்துப் பார்த்து. நிறுத்திவிட்டு மடத்துக்காரரைக் கூப்பிட்டு வந்தேன். அவர் வந்து உட்கார்ந்தார். ஃபிரிட்ஜ் முனகினது, பிறகு சடக்கென்று நின்றது. இப்போது ஓடும், இப்போது ஓடும் என்று இரண்டு பேரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம், பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி. ஓடவில்லை. ஃபிரிட்ஜைக் கையால் தட்டினேன், அதன் முதுகில் அடித்தேன். அவர், "விடுங்க அண்ணாச்சி, மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க" என்று எழுந்து போய்விட்டார். மனசைப் போட்டு உழப்ப வேண்டாமாம். அவருக்கு என்ன, பாட்டுப் பாடுவார், சுண்டல் வாங்குவார்.

மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. உங்கள் நம்பருக்கு எத்தனை தடவை அடித்தேன், பார்த்திருப்பீர்கள்.

ரெடியா? கைகளைத் துடைத்துக்கொள்ளுங்கள். இங்கே உட்காருங்கள், தரையில். தோளைச் சாய்த்துக்கொள்ளுங்கள். இல்லை, இந்தப் பக்கத் தோள். நான் கல்லுக்குப் போகவில்லை, இங்கேயே நிற்கிறேன். ஸ்பீக்கரும் நின்றுவிட்டது, நல்லது. போடுங்கள் சுவிட்சை.

ஓடுகிறதா? அதிர்கிறது, கைக்குத் தெரிகிறது. உங்களுக்குக் கேட்கிறதா? இந்தச் சத்தம்தான். தம்பி, இதே சத்தம்தான்.

மீட்டுகிறேன். கேளுங்கள்.

இன்னொரு தடவை.

என்ன? சத்தமாகச் சொல்லுங்கள், என் காது தெரியுமே. எனக்காகச் சொல்ல வேண்டாம். உள்ளது என்னவோ அதைச் சொல்லுங்கள்.

சேர்ந்திருக்கிறதா.

கூட இல்லையா? ஒரு மயிரிழை? நன்றாகக் கேளுங்கள், இன்னொரு தடவை மீட்டுகிறேன். அழுத்தி மீட்டினால் கூடப் போகும், மெதுவாக மீட்டுகிறேன். இப்போது?

இரண்டும் ஒன்றுதானா. எது கம்பி எது ஃபிரிட்ஜ் என்றே தெரியவில்லையா.

பொறுங்கள். அப்படியென்றால் ஒன்று இருக்கிறது. எட்டு மாசம் ஆகியிருக்கிறது இல்லையா? எட்டு மாசத்தில் கம்பி இழுபட்டிருக்கும். இழுபட்டால் இறங்கும். இறங்கின பிறகு இன்றைக்குச் சேர்கிறது என்றால், அன்றைக்கு இதே கோட்டில் கூடத்தானே இருந்திருக்கும்? இறுக்கமாகத்தானே இருந்திருக்கும்? கணக்கு அப்படித்தானே வருகிறது? கம்பி என்றால் இழுபடத்தானே செய்யும் தம்பி?

என்ன சொன்னீர்கள்?

ஆமாம். நான்தான் சொன்னேன். அறுந்தால் அறுமே தவிர இறங்காது என்று நான்தான் சொன்னேன்.

பிரடையும் அசையாது. எண்ணெய் குடித்த மரம்.

நின்றுவிட்டதா? இல்லை, மறுபடி உதற வேண்டாம். விடுங்கள். பின்தகட்டை மாட்டிவிடுங்கள், ஸ்க்ரூ எல்லாம் அந்தத் தட்டில் இருக்கிறது. வாசல் வரைக்கும் வருகிறேன், படி வழுக்கும். சங்கரவடிவுக்கு ஒரு போன் போட வேண்டும். என்ன சொல்வது என்று பிறகு பார்த்துக்கொள்கிறேன்.

இந்த வீணையை எங்கே வைக்கப் போகிறேன் என்று கேட்கிறீர்களா? ஆணியில்தான். பிரடையில் மூன்று கோடு இருக்கிறது. கம்பி முதல் கோட்டில் நிற்கிறது.